புகைக்கும் ஒரு சுங்கம்: எல்லைக் காபன் வரியின் கதை



அண்மையில் எனது ஞாயிறு உரை முடிந்து நேயர்களின் தொலைபேசி நேரம் தொடங்கியபோது, முதல் அழைப்பு ஹமில்ரன் பக்கத்தில் இருந்து வந்தது. வயதான ஐயா ஒருவர். அவருடைய மகனுக்கு உருக்கு ஆலையில் வேலை. "தம்பி, காபன் வரியை எடுத்துப்போட்டாங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்ப அமெரிக்காக்காரனும் உருக்குக்கு வரி போடுறான், ஐரோப்பாக்காரனும் காபன் வரி எண்டு போடுறானாம். எல்லாம் ஒண்டுதானோ? பிள்ளையின்ரை வேலைக்கு ஏதும் வருமோ?" என்று கேட்டார்.

அடுத்த அழைப்பு காத்திருந்தது. நான் அவசரத்தில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடித்தேன். "ஓம் ஐயா, இரண்டும் எல்லையில் வாங்குகிற வரிதான். ஆனால் ஐரோப்பியர் போடுவது போன்ற ஒன்று உலகத்தில் இதற்கு முதல் இருக்கவில்லை" என்றேன். வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, நான் சொன்ன இரண்டு வசனமும் பிழை என்று தெரிந்தது. கணக்காளர் ஒருவர் பேரேட்டில் பிழையாகப் பதிந்தால் அதை அழிக்கக் கூடாது, கீழே திருத்தப் பதிவு போட வேண்டும். முப்பது வருடமாகச் செய்துவரும் தொழில் அது. இந்தக் கட்டுரையையும் அப்படி ஒரு திருத்தப் பதிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் கணக்கில் எழுதுவது?

வணிகவியல் படித்த காலத்தில் பொருளியல் பாடத்தில் ஒரு பெயர் வரும்: ஆர்தர் பிகூ, கேம்பிரிட்ஜ் பேராசிரியர். பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டு மறந்துபோன பெயர். 1920இல் அவர் வெளியிட்ட பொருளியல் நூலில் ஒரு எளிய கருத்து உண்டு. தொழிற்சாலை ஒன்று தன் கூலிச் செலவையும் மூலப்பொருள் செலவையும் கணக்கில் எழுதுகிறது. ஆனால் அதன் புகையால் பக்கத்து வீட்டுக்காரர் துணியைத் திரும்பத் தோய்ப்பதும், சுவருக்குத் திரும்ப வெள்ளையடிப்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அந்தச் செலவை யாரோ ஒருவர் சுமக்கிறார். அதை உண்டாக்கியவர் கணக்கிலேயே வரியாக எழுதினால், அவர் தானாகவே புகையைக் குறைக்க வழி தேடுவார் என்பதே அதன் சாரம்.

எங்களில் வடக்கில் பிறந்தவர்களுக்கு இதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. சிறுவனாகக் கீரிமலைக்குப் போகும் நாட்களில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையைக் கடந்து போயிருக்கிறேன். அந்தச் சுற்றாடலில் பனை ஓலையும் கூரை ஓடும் வெள்ளை படிந்து கிடக்கும். சீமெந்து மூடையின் விலைக்குள் அந்தத் தூசி இருக்கவில்லை. அதைவிடப் பெரிய விடயம் ஒன்று கண்ணுக்குத் தெரியவே இல்லை. சுண்ணக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருந்தே காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. சீமெந்து செய்வதால் வரும் காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேல் எரிபொருளில் இருந்து வருவதில்லை, கல்லில் இருந்துதான் வருகிறது. போர் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டது. தூசியின் கணக்கை யாரும் தீர்க்கவில்லை.

பிகூவுக்குப் பின் இரண்டாவது கருத்து நாங்கள் இன்று வாழும் நகரத்தில் இருந்தே வந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் டேல்ஸ் 1968இல் ஒரு சிறிய நூலை வெளியிட்டார். நீர் மாசை எடுத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: மொத்தம் எவ்வளவு கழிவை அனுமதிக்கலாம் என்று அரசு ஒரு எல்லை போடட்டும். அந்த அளவுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு வெளியிடட்டும். சீட்டை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கட்டும். மலிவாகக் குறைக்கக்கூடியவர் குறைத்துவிட்டு மிச்சச் சீட்டை விற்பார். குறைக்க முடியாதவர் விலை கொடுத்து வாங்குவார். வரியில் விலை நிச்சயம், அளவு நிச்சயமில்லை. சீட்டில் அளவு நிச்சயம், விலை சந்தையின் கையில். இன்றுவரை உலகத்தில் உள்ள காபன் விலை முறைகள் எல்லாம் இந்த இரண்டு வேரில் இருந்து கிளைத்தவைதான்.

புகை எல்லை தாண்டியபோது

ஒன்ராறியோவின் சட்பரி நகரில் 1972இல் 381 மீற்றர் உயரப் புகைபோக்கி ஒன்றைக் கட்டி முடித்தார்கள். நிக்கல் உருக்கும்போது வரும் கந்தகப் புகையால் நகரம் மூச்சுத் திணறியது. புகைபோக்கியை உயர்த்தியதும் நகரத்துக் காற்று தெளிந்தது. ஆனால் புகை இல்லாமல் போகவில்லை, தொலைவுக்குப் போனது. தொலைவில் ஏரிகள் புளித்தன, மீன்கள் அழிந்தன. அமெரிக்க நிலக்கரி மின் நிலையங்களின் கந்தகப் புகையும் வடக்கே கனடாவுக்குள் வந்து அமில மழையாக விழுந்தது. இரண்டு நாடும் பல வருடம் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு இருந்தன.

முடிவில் டேல்ஸ் சொன்ன வழியே கைகொடுத்தது. அமெரிக்கா 1990இல் தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு உச்ச வரம்பு போட்டு, சீட்டு வியாபாரத்தை 1995இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கனடாவும் அமெரிக்காவும் 1991இல் காற்றுத் தர ஒப்பந்தம் ஒன்றில் கைச்சாத்திட்டன. 2010க்கு என்று வைத்த 8.95 மில்லியன் தொன் வரம்பை அமெரிக்க மின் நிலையங்கள் 2007இலேயே எட்டிவிட்டன. சந்தையைக் கொண்டு மாசைக் குறைக்கலாம் என்பதற்கு இன்றுவரை காட்டப்படும் முதல் சாட்சி இதுதான்.

1987: கனடாவே வழக்காளி

இனி எனது முதலாவது பிழைக்கு வருகிறேன். "இப்படி ஒன்று முன்பு இருக்கவில்லை" என்றேன் அல்லவா? இருந்தது. அதுவும் எங்களில் பலர் கனடாவுக்கு வந்து இறங்கத் தொடங்கிய அதே வருடங்களில்.

அமெரிக்காவில் கைவிடப்பட்ட நச்சுக் கழிவு நிலங்களைத் துப்புரவாக்க ஒரு நிதியம் உண்டு. அதற்குப் பணம் சேர்க்க 1986இல் ஒரு சட்டம் வந்தது. எண்ணெய்க்கு வரி, சில இரசாயனங்களுக்கு வரி. அதோடு, அந்த இரசாயனங்களைக் கொண்டு வெளிநாட்டில் செய்த பொருட்கள் உள்ளே வந்தால் அவற்றுக்கும் வரி. அந்தப் பொருள் அமெரிக்காவில் செய்யப்பட்டிருந்தால் அதன் மூல இரசாயனத்துக்கு எவ்வளவு வரி கட்டியிருக்க வேண்டுமோ அவ்வளவு.

கனடா, ஐரோப்பிய பொருளாதார சமூகம், மெக்சிக்கோ ஆகிய மூவரும் காட் அமைப்பில் முறையிட்டார்கள். மாசு ஐரோப்பாவில்தானே நடந்தது, அதற்கு அமெரிக்கா எப்படி வரி வாங்கலாம் என்பது ஐரோப்பியரின் வாதம். 1987இல் தீர்ப்பு வந்தது. எண்ணெய் விடயத்தில் அமெரிக்கா தோற்றது. உள்நாட்டு எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 8.2 சதம், இறக்குமதி எண்ணெய்க்கு 11.7 சதம் என்று வேறுபாடு காட்டியது பிழை என்று தீர்ப்பானது. ஆனால் இரசாயனப் பொருட்களின் மீதான எல்லை வரி சரி என்றார்கள். உள்ளே இருப்பவரும் வெளியே இருந்து வருபவரும் சமமாகக் கட்டினால் போதும், வரி எந்த நோக்கத்துக்கு என்பது கேள்வியல்ல என்றார்கள்.

அந்த எண்ணெய் வரியைப் பாருங்கள். வேறுபாடு பீப்பாய்க்கு வெறும் 3.5 சதம். அதுவே ஒரு வரியை நியாயமானதில் இருந்து அநியாயமானதாக மாற்றப் போதுமாக இருந்தது. அன்று எதிர்த்து வாதாடிய ஐரோப்பாவின் வாரிசுதான் இன்று அதே தத்துவத்தில் நின்று காபனுக்கு எல்லை வரி கேட்கிறது.

இரண்டாவது முன்னோடி ஓசோன் படலத்தோடு தொடர்புடையது. 1987 செப்ரெம்பர் 16இல் மொன்றியல் நகரில் ஓசோன் உடன்படிக்கை கைச்சாத்தானது. குளிர்சாதனப் பெட்டியிலும் கார்க் குளிரூட்டியிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்களைக் குறைப்பதே நோக்கம். அமெரிக்கா 1990 ஜனவரியில் இருந்து இந்த வாயுவுக்கு இறாத்தலுக்கு 1.37 டொலர் வரி போட்டது. இறக்குமதியான பொருளுக்குள் வாயு இருந்தாலும் வரி. பொருளுக்குள் இல்லாமல், அதைச் செய்யும்போது பயன்படுத்தியிருந்தாலும் வரி. இலத்திரனியல் பலகைகளைக் கழுவ அந்த வாயுவைப் பாவித்தார்கள் என்பதால், வெளிநாட்டில் செய்த இலத்திரனியல் பொருட்களும் அந்தப் பட்டியலில் வந்தன. எவ்வளவு பாவித்தோம் என்று இறக்குமதியாளர் கணக்குக் காட்டினால் அந்தக் கணக்குப்படி வரி. காட்டாவிட்டால் அரசின் அட்டவணையில் உள்ள பொது அளவுப்படி வரி.

பொருளுக்குள் இல்லாத, அதைச் செய்த இடத்தில் காற்றோடு போன ஒன்றுக்கு எல்லையில் வரி என்றால் காபன் எல்லை வரியும் அதேதான். அன்றே வந்துவிட்டது.

ஆனால் மொன்றியல் உடன்படிக்கையில் தண்டனை மட்டும் இருக்கவில்லை. 1990இல் வறிய நாடுகளுக்கு உதவ ஒரு பல்தரப்பு நிதியமும் உருவானது. அதன் அலுவலகம் மொன்றியலில்தான் இயங்கியது. பணக்கார நாடுகள் பணம் போட்டன, வறிய நாடுகள் கூடுதல் கால அவகாசமும் பெற்றன. உலகின் எல்லா நாடுகளும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதை மனதில் வைத்திருங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

ஐரோப்பா எடுத்த முப்பது வருடம்

ஐரோப்பிய ஆணைக்குழு 1992இல் ஒரு பொதுக் காபன் வரியை முன்மொழிந்தது. மற்றப் பெரிய நாடுகளும் போட்டால்தான் நாங்களும் என்று நிபந்தனை. யாரும் போடவில்லை. அங்கத்துவ நாடுகளிலும் உடன்பாடு வரவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. பிறகு சீட்டு முறைக்கு மாறி, 2005 ஜனவரியில் காபன் சீட்டுச் சந்தையைத் தொடங்கினார்கள். ஆலைகள் வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்ற பயத்தில் சீட்டுகளை இலவசமாக அள்ளிக் கொடுத்தார்கள். தேவைக்கு மேல் கொடுத்ததால் 2007இல் முதற்கட்டச் சீட்டின் விலை பூச்சியத்துக்குக் கிட்ட விழுந்தது. இலவசமாகக் கிடைப்பதற்கு யார் விலை கொடுப்பார்?

2012இல் தங்கள் நாட்டுக்கு வரும் வெளிநாட்டு விமானங்களுக்கும் சீட்டு வேண்டும் என்றார்கள். சீனாவும் இந்தியாவும் எதிர்த்தன. அமெரிக்கா அதற்கு எதிராகச் சட்டமே இயற்றியது. அதே வருடம் நவம்பரில் ஐரோப்பா வெளிநாட்டுப் பயணங்களுக்கு அதை நிறுத்திவைத்தது. ஒரு நாட்டின் காபன் சட்டம் எல்லைக்கு வெளியே கை நீட்டினால் என்ன நடக்கும் என்பதை அது அவர்களுக்குக் கற்பித்தது.

2021 ஜூலையில் முன்வைக்கப்பட்ட எல்லைக் காபன் சட்டம் 2023 மே மாதம் நிறைவேறியது. சீமெந்து, இரும்பு உருக்கு, அலுமினியம், உரம், மின்சாரம், ஐதரசன் ஆகிய ஆறு வகைகள் அதற்குள் வருகின்றன. 2023 ஒக்ரோபரில் இருந்து 2025 முடிவு வரை கணக்குக் காட்டினால் மட்டும் போதும், பணம் இல்லை. 2026 ஜனவரியில் இருந்து வரும் பொருட்களுக்குப் பணம் உண்டு. அதற்கான சான்றிதழ்களின் விற்பனைக்குக் குறித்த காலம் 2027 பெப்ரவரி. வருடத்துக்கு 50 தொன்னுக்குள் இறக்குமதி செய்பவர்களுக்கு 2025இல் விலக்கு அளித்தார்கள். எங்கள் கடைகளுக்கு வரும் அரிசிக்கும் மிளகாய்த்தூளுக்கும் சேலைக்கும் இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. யாராவது இதைச் சொல்லி விலையைக் கூட்டினால் நம்பாதீர்கள்.

கணக்கு எப்படி என்று ஒரு உதாரணம் போடுவோம். நிலக்கரி ஊதுலையில் ஒரு தொன் உருக்குச் செய்ய ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். ஐரோப்பியச் சீட்டின் விலை தொன்னுக்கு 75 யூரோ என்று வைத்துக்கொள்வோம். முழுக் கணக்கில் 150 யூரோ. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்தால் புகை மிகக் குறைவு. அது 0.4 தொன் என்றால் 30 யூரோதான். அந்த ஆலை தன் நாட்டில் ஏற்கெனவே காபன் விலை கட்டியிருந்தால் அது கழிக்கப்படும். ஐரோப்பிய ஆலைகளுக்கு இன்னும் கிடைக்கும் இலவசச் சீட்டுக்கு ஈடான அளவும் கழிக்கப்படும். அந்த இலவசத்தை 2026இல் 2.5 வீதம் வெட்டத் தொடங்கி, 2034இல் முற்றாக நிறுத்துவது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே முதல் வருடங்களில் சுமை குறைவு, போகப்போகக் கூடும்.

எங்கள் பக்கத்து அனுபவம்

கனடாவில் 2019 ஏப்ரலில் ஒன்ராறியோவுக்குப் பெற்றோல் மீது காபன் கட்டணம் வந்தது. தொன்னுக்கு 20 டொலர், பெற்றோல் லீற்றருக்கு 4.4 சதம். 2024இல் அது 80 டொலராகி, லீற்றருக்கு 17.6 சதமாக உயர்ந்தது. 2025 ஏப்ரல் 1இல் அது நீக்கப்பட்டது. சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பி வந்தது. 2024இல் ஒன்ராறியோவில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டொலர்.

அந்த வருடங்களில் வரிப் பத்திரம் நிரப்ப வந்தவர்களில் எத்தனை பேர் என்னிடம் "அண்ணை, வங்கியிலை ஒரு காசு வந்து கிடக்கு, என்னெண்டு விளங்கேல்லை" என்று கேட்டார்கள்! கட்டியது பெற்றோல் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது. திரும்பி வந்தது விளங்காத பெயரில் வங்கிக்குள் அமைதியாக இருந்தது. பெரிய வீடும் இரண்டு மூன்று வாகனமும் இல்லாத எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கு நேரடிக் கணக்கில் வந்தது கூட, போனது குறைவு. ஆனாலும் அவர்களே அதை வெறுத்தார்கள். அதை விளக்கிச் சொல்லாத குற்றத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்த எனக்கும் பங்கு உண்டு.

நீக்கப்பட்டது வீட்டுக்காரர் கட்டிய கட்டணம் மட்டும். பெரிய ஆலைகள் மீதான காபன் விலை தனி ஏற்பாடு. அது அதோடு நீக்கப்படவில்லை. ஐரோப்பாவுக்குக் கனடிய உருக்குப் போனால் இங்கே கட்டிய அந்த விலையைக் காட்டிக் கழிவு கேட்கலாம். இந்தக் கழிவு என்ற ஏற்பாடுதான் மற்ற நாடுகளை அசைக்கிறது. பணத்தை ஐரோப்பாவிடம் கட்டுவதை விட எங்கள் திறைசேரியிலேயே கட்டட்டும் என்று நினைப்பது இயல்பு. இந்தியா இந்த வரியைக் கடுமையாக எதிர்த்தது. அதேவேளை 2023இல் தன் சொந்தக் காபன் சந்தைத் திட்டத்தையும் அறிவித்தது. துருக்கி 2025 ஜூலையில் காலநிலைச் சட்டம் இயற்றிச் சீட்டு முறைக்கு வழி திறந்தது.

யார் சுமப்பது?

நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி முடித்தால் அது கணக்கு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். வளிமண்டலத்தில் இன்று நிற்கும் புகையில் பெரும்பங்கை 150 வருடமாக ஏற்றியவர்கள் ஐரோப்பியரும் வட அமெரிக்கரும். அந்தக் காலத்தில் அவர்கள் ஒரு சதம் கட்டவில்லை. மொசாம்பிக் போன்ற வறிய நாடு அலுமினியம் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால் இப்போது கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்ட அளவைக் கருவி வேண்டும், சான்றளிக்க ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். காட்ட முடியாதவருக்குப் பொது அளவு. அது பெரும்பாலும் பாதகமாகத்தான் இருக்கும். மொன்றியலில் தடியோடு பணப்பையும் வந்தது. இந்த ஐரோப்பியச் சட்டத்திலோ, சேரும் வரிப் பணத்தை வறிய நாடுகளுக்கென்று ஒதுக்கும் விதி இல்லை. இந்தக் குறை திருத்தப்படாதவரை, அந்த நாடுகள் இதை நியாயமான கணக்கு என்று ஏற்றுக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

அகதியாக வந்தவர்கள் நாங்கள். தாங்கள் செய்யாத ஒன்றின் செலவைச் சுமப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே புகைக்கு விலை வேண்டும் என்று சொல்லும்போதே, அந்த விலையில் சேரும் காசு எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

ஹமில்ரன் ஐயாவுக்கு

ஐயா, அன்று சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கா 2025 மார்ச்சில் கனடிய உருக்குக்கு 25 வீதமும் ஜூனில் 50 வீதமும் என்று போட்டது சாதாரண இறக்குமதித் தீர்வை. அது உங்கள் மகன் செய்யும் உருக்கில் எவ்வளவு புகை என்று கேட்கவில்லை. அமெரிக்க ஆலைக்கு அப்படி ஒரு சுமையும் இல்லை. ஐரோப்பியருடையது பொருளின் விலையைப் பார்ப்பதில்லை, புகையின் அளவைப் பார்க்கிறது. தன் ஆலைக்குப் போட்ட சுமையையே வெளியாருக்கும் போடுவதாகச் சொல்கிறது. சொன்னபடி செய்கிறதா என்பதை 1987இல் பார்த்தது போல ஒவ்வொரு சதமாகப் பார்க்க வேண்டும்.

கனடிய உருக்கு பெரும்பாலும் தெற்கே அமெரிக்காவுக்குப் போவது. அதனால் பிள்ளையின் வேலைக்கு உடனடி நெருக்கடி வந்தால் அது தெற்கில் இருந்துதான் வரும். ஐரோப்பாவில் இருந்து வருவது மெதுவான கேள்வி: இந்த ஆலை நிலக்கரியிலேயே நிற்கப்போகிறதா, மின் உலைக்கு மாறப்போகிறதா? மகனுடைய தொழிற்சங்கக் கூட்டத்தில் அந்தக் கேள்வி எழுந்தால், அவர் எழுந்து நின்று அதைப் பற்றி நாலு வார்த்தை பேசக் கூடியவராக இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

இதிலும் பிழை இருந்தால் அடுத்த தொலைபேசி நேரத்தில் அழைத்துச் சொல்லுங்கள். இன்னொரு திருத்தப் பதிவு போடுவதில் எனக்குக் கஷ்டமில்லை.